பாப்பாவுக்குப் பால் ஒத்துக்கலையா?

என் தங்கை மகளுக்கு எட்டு மாதம் இருக்கும்போது ஒரு வாந்தி பேதி வந்தது. வாந்தி இரண்டே நாளில் நின்றுவிட்டது. பேதி நிற்கவில்லை. பத்து நாள் ஆகியும் தினம் ஏழெட்டுத் தடவை, தண்ணீராக, நுரையோடு, புளித்த வாடையோடு போய்க்கொண்டே இருந்தது. பின்பக்கம் தோல் வெந்ததுபோல் சிவந்துவிட்டது. தாய்ப்பாலோடு பகலில் இரண்டு வேளை பவுடர் பாலும் குடிக்கிற குழந்தை அது. பவுடர் பால் உள்ளே போன அரைமணி நேரத்தில் வயிறு கடமுடவென்று சத்தம் போடும், காலை மடக்கிக்கொண்டு வீறிட்டு அழும், அப்புறம் ஒரு தடவை போகும்.

பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "பாப்பாவுக்குப் பால் ஒத்துக்கல" என்றார். அம்மா அதையே "மாந்தம்" என்றார். மருந்துக்கடையில் பவுடரை மாற்றிப் பார்க்கச் சொன்னார்கள். மாற்றினோம். மறுபடியும் மாற்றினோம். மூன்று டப்பா ஆனதுதான் மிச்சம். கைபேசியில் தேடினால் எல்லாப் பக்கமும் ‘லாக்டோஸ் இன்டாலரன்ஸ்’, அதாவது பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காமை என்று வந்தது. லாக்டோஸ் தாய்ப்பாலிலும் உண்டு என்று படித்ததும் தங்கை பயந்துபோய், தாய்ப்பாலையே நிறுத்திவிடலாமா என்று கேட்க ஆரம்பித்தாள்.

குழந்தை மருத்துவர் சொன்னது சுருக்கமாக இருந்தது. "பால் மேல தப்பு இல்லம்மா. குடல் புண்ணாகியிருக்கு. அது ஆறுற வரைக்கும்தான் இந்தப் பாடு. தாய்ப்பாலை மட்டும் நிறுத்திடாதீங்க."

நான் மருத்துவர் அல்ல. ஆனால் அந்த நான்கு வரிகளுக்கு என்ன பொருள் என்று பிறகு உட்கார்ந்து படித்தேன். ‘பால் ஒத்துக்கல’ என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிற பேச்சுக்குள் நான்கைந்து வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன என்பதும், அவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் தேவையில்லாமல் தாய்ப்பால் நிறுத்தப்படுகிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

பாலில் உள்ள சர்க்கரை

பாலில் இயற்கையாகவே ஒரு சர்க்கரை இருக்கிறது. அதுதான் லாக்டோஸ். குளுக்கோஸ், காலக்டோஸ் என்ற இரண்டு சிறு சர்க்கரைகள் கைகோத்து நிற்பதுபோன்ற அமைப்பு அதற்கு. சேர்ந்து நிற்கும்வரை அது குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குப் போக முடியாது. பிரித்துவிட வேண்டும். பிரிக்கிற வேலையைச் செய்கிற நொதியின் பெயர் லாக்டேஸ். ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். படிக்கிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். லாக்டோஸ் என்றால் சர்க்கரை, லாக்டேஸ் என்றால் அதை வெட்டும் கத்தரி என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இந்தக் கத்தரி சிறுகுடலில் இருக்கிறது. சிறுகுடலின் உட்சுவர் வழவழப்பான குழாய் கிடையாது. டர்க்கி டவலில் நூல் நூலாக எழுந்து நிற்குமே, அதுபோலக் கண்ணுக்குத் தெரியாத விரல்கள் லட்சக்கணக்கில் எழுந்து நிற்கின்றன. குடலுறிஞ்சிகள் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். லாக்டேஸ் பெரும்பாலும் அந்த விரல்களின் நுனிப்பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. இந்த ‘நுனி’ என்ற சொல்லைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

லாக்டேஸ் போதாமல் போனால் என்ன ஆகும்? வெட்டப்படாத சர்க்கரை அப்படியே பெருங்குடலுக்கு இறங்கும். போகிற வழியில் தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துக்கொண்டே போகும். அதனால்தான் மலம் தண்ணீராகிறது. பெருங்குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்கு இந்தச் சர்க்கரை விருந்து. இட்லி மாவு ராத்திரியில் பொங்குவது எதனால்? நுண்ணுயிர்கள் மாவைத் தின்று காற்றையும் புளிப்பையும் உண்டாக்குவதால்தானே. அதே வேலை குழந்தையின் வயிற்றுக்குள் நடக்கிறது. காற்று உண்டாவதால் வயிறு உப்பும், சத்தம் வரும், நுரை வரும். புளிப்பு அமிலம் உண்டாவதால் மலம் புளித்த வாடை அடிக்கும். அந்த அமிலம் பட்டுப் பின்பக்கத் தோல் சிவந்து எரியும். எங்கள் வீட்டுப் பாப்பாவிடம் பார்த்த எல்லாமே இந்த ஒரு கதையில் அடங்கிவிட்டது.

பால் குடிக்கப் பிறந்த உடம்பு

பெரியவர்களில் பாதிக்கு மேல் பால் சர்க்கரையைச் சரியாகச் செரிக்க முடியாதவர்கள். உலகம் முழுக்க எடுத்தால் மூன்றில் இரண்டு பங்கு என்று கணக்குச் சொல்கிறார்கள். இந்தியாவில் வடக்கைவிடத் தெற்கில் இது அதிகம். நம் பக்கத்தில் பாலை அப்படியே குடிப்பதைவிடத் தயிராக்கி, மோராக்கிச் சாப்பிடுகிற பழக்கம் ஊறிப்போனதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆனால் அது வளர்ந்த பிறகு வருவது. பால்குடி வயது தாண்டியதும் லாக்டேஸ் சுரப்பு மெல்லக் குறைய ஆரம்பிக்கும். தொந்தரவு தெரிய ஆரம்பிப்பது பெரும்பாலும் ஐந்து வயதுக்கு மேல்தான். அதனால் "எனக்கும் பால் சேராது, அதான் குழந்தைக்கும் சேரல" என்று அப்பாவோ அம்மாவோ சொன்னால், மூன்று மாதக் குழந்தை விஷயத்தில் அந்தக் கணக்கு ஒத்துவராது.

கைக்குழந்தையின் நிலைமை முற்றிலும் வேறு. தாய்ப்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 7 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. பசும்பாலில் இருப்பது நாலரை முதல் 5 கிராம்தான். 5 கிலோ எடையுள்ள குழந்தை ஒரு நாளில் 750 மில்லி தாய்ப்பால் குடித்தால், 50 கிராமுக்கு மேல் லாக்டோஸை அது ஒருநாளில் செரித்துத் தள்ளுகிறது. எடைக்கு எடை கணக்குப் போட்டால், 60 கிலோ ஆள் தினமும் 12, 13 லிட்டர் பசும்பால் குடிப்பதற்குச் சமம்! அதற்கேற்ற லாக்டேஸோடுதான் குழந்தை பிறக்கிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு மட்டும் ஆரம்பத்தில் அது கொஞ்சம் குறைவாக இருக்கும், ஏனென்றால் வயிற்றில் இருக்கும் கடைசி மாதங்களில்தான் லாக்டேஸ் முழு அளவுக்கு ஏறுகிறது. அவர்களும் பெரும்பாலும் தாய்ப்பாலை நன்றாகவே செரித்துக்கொள்கிறார்கள்.

பிறவியிலேயே லாக்டேஸ் இல்லாமல் பிறப்பது என்றும் ஒன்று உண்டு. மிக மிக அரிது. உலகிலேயே அதிகம் அறியப்பட்ட இடமான பின்லாந்தில்கூட ஏறத்தாழ 60,000 பிறப்புக்கு ஒன்று. அது முதல் பால் குடித்த சில நாட்களிலேயே கடுமையான நீர்ப்பேதியாக வந்து நிற்கும். எடை ஏறாது, இறங்கும். நான்கு மாதம் கொழுகொழுவென்று வளர்ந்த குழந்தைக்கு அது இருக்க வாய்ப்பே இல்லை.

அறுவடை முடிந்த வயல்

அப்படியானால் குழந்தைகளிடம் நிஜமாகவே பார்க்கிற லாக்டோஸ் பிரச்சினை எது? பெரும்பாலும் பேதிக்குப் பின்னால் வருவது. இரண்டாம் நிலைக் குறைபாடு என்பார்கள். வேறு ஏதோ ஒன்று குடலைத் தாக்கி, அதன் விளைவாக லாக்டேஸ் குறைவது.

நுனியை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா. பேதியை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் போன்ற கிருமிகள் அந்தக் குடல் விரல்களின் நுனியைத்தான் சிதைக்கின்றன. நெற்கதிரில் மணி நுனியில் இருக்கிறது. அரிவாள் போட்டால் முதலில் போவது மணிதான். அடித்தாள் நிற்கும், வேர் இருக்கும், வயல் எங்கும் போய்விடாது. ஆனால் இப்போதைக்கு நெல் இல்லை. குடலும் அப்படித்தான். வேர்ப்பக்கத்திலிருந்து புதுச் செல்கள் தளிர்த்து மேலே வர வேண்டும்; மறுதாம்பு கிளைத்துக் கதிர் பிடிப்பதுபோல. அந்த நுனி முதிர்ந்த பிறகுதான் லாக்டேஸ் திரும்ப வரும். மற்ற நொதிகளைவிட லாக்டேஸ்தான் முதலில் போவதும் கடைசியில் வருவதும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் சரியாகிவிடும். குழந்தை மெலிந்து சத்துக் குறைவாக இருந்தால் இன்னும் கொஞ்சம் நாள் பிடிக்கும்.

பேதி வந்த எல்லாக் குழந்தைகளுக்கும் இப்படி ஆவதில்லை. மிகப் பெரும்பாலான குழந்தைகள் பேதியின்போதும் வழக்கமான பாலையே குடித்துக்கொண்டு குணமாகிவிடுகின்றன. அதனால் பேதி என்றதும் முதல் நாளே பாலை நிறுத்துவது தவறு. பேதி ஒரு வாரத்துக்கு மேல் இழுக்கிறது, பால் குடித்த உடனே கூடுகிறது, நுரையும் புளிப்பு வாடையும் இருக்கிறது என்றால் அப்போதுதான் சந்தேகப்பட வேண்டும். 14 நாளைத் தாண்டினால் அதை நீடித்த பேதி என்று தனியாகவே எடுத்துக்கொண்டு பார்ப்பார்கள். வீட்டு வைத்தியத்தில் தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை அது. பேதி தவிர, ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி, கோதுமைப் புரதத்தால் குடல் சிதைகிற சீலியாக் நோய், பால் புரத ஒவ்வாமை இவையும் இதே நுனியைக் கெடுக்கக் கூடியவை.

ரோட்டா வைரஸுக்குச் சொட்டு மருந்துத் தடுப்பூசி இருக்கிறது. ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் கொடுக்கிறார்கள். 2016இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்துப் படிப்படியாக எல்லா மாநிலங்களுக்கும் கொண்டுவந்தார்கள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். இந்தியாவில் ரோட்டா வைரஸ் ஆய்வில் பெரிய பங்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ககன்தீப் காங்குடையது. பால் ஒத்துக்கொள்ளாமல் போவதைத் தடுக்க முன்கூட்டியே செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டென்றால், அது இந்தச் சொட்டு மருந்தைத் தவறாமல் போடுவதுதான்.

அதே பெயரில் திரியும் மற்றவை

இனி குழப்பத்துக்கு வருகிறேன். முதல் குழப்பம் பால் ஒவ்வாமை. லாக்டோஸ் சர்க்கரை, ஒவ்வாமை வருவது பாலில் உள்ள புரதத்தால். லாக்டோஸ் பிரச்சினை செரிமானம் சார்ந்தது. ஒவ்வாமை உடம்பின் எதிர்ப்பு மண்டலம் செய்கிற வேலை. மலத்தில் ரத்தக்கோடு, உடம்பில் தடிப்பு, கன்னத்திலும் மூட்டு மடிப்பிலும் ஆறாத கரப்பான், மூச்சு இழுப்பு, விடாத வாந்தி இவையெல்லாம் இருந்தால் அது லாக்டோஸ் விஷயம் இல்லை. முகம், உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ நேரே மருத்துவமனை, ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

ஒவ்வாமையில்தான் அம்மா சாப்பிடுகிற பால் பொருள்கள் கணக்கில் வருகின்றன. அம்மா குடித்த பசும்பாலின் புரதம் துளியளவு தாய்ப்பாலில் வரலாம். அதனால் மருத்துவர் சொன்னால் அம்மா சில வாரங்கள் பால், தயிர், பனீர் எல்லாவற்றையும் விட்டுப் பார்ப்பார். லாக்டோஸ் அப்படி இல்லை. அதைத் தாயின் மார்பே தயாரிக்கிறது. அம்மா ஒரு சொட்டுப் பால் குடிக்காவிட்டாலும் தாய்ப்பாலில் லாக்டோஸ் அதே அளவுதான். பிள்ளை பெற்றவளுக்கு ஏற்கெனவே பத்தியம் என்ற பெயரில் பாதிச் சாப்பாடு கிடையாது. அதில் "நீ பால் குடிக்கிறதாலதான் பிள்ளைக்கு ஆகல" என்று இருக்கிற ஒரு டம்ளர் பாலையும் பிடுங்கிக்கொள்வதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அடுத்தது, மாலையானால் வீறிட்டு அழும் குழந்தை. பிறந்து இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கி, ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானே அடங்குகிற அழுகை இது. குழந்தை நன்றாகக் குடிக்கும், எடை ஏறும், மலமும் சரியாக இருக்கும். அழுகை மட்டும் தாங்காது. இதற்கும் லாக்டோஸுக்கும் முடிச்சுப் போட்டுப் பால் டப்பாவை மாற்றுகிறவர்கள் நிறைய. நான்காவது மாதத்தில் அழுகை நின்றதும் கடைசியாக வாங்கிய டப்பாவுக்குப் பெயர் கிடைத்துவிடும்!

இன்னொன்று, பால் நிறையச் சுரக்கும் தாய்மார்களிடம் பார்ப்பது. குழந்தை ஒரு பக்கம் கொஞ்சம் குடித்ததும் அடுத்த பக்கம் மாற்றி, அங்கேயும் கொஞ்சம் குடிக்க வைத்தால், இரண்டு பக்கமும் முதலில் வருகிற நீர்த்த பாலே அதிகமாக உள்ளே போகும். பின்னால் வருகிற கொழுப்பான பால் போதுமான அளவு போகாது. கொழுப்புக் குறைவாக இருந்தால் பால் வயிற்றைவிட்டு வேகமாக இறங்கிவிடும். குடலில் லாக்டேஸ் நிறைய இருந்தும் ஒரே நேரத்தில் வந்து சேருகிற சர்க்கரையைச் சமாளிக்க முடியாது. பச்சை நிறத்தில் நுரையாகப் போகும், காற்று அதிகம் பிரியும், ஆனால் எடை நன்றாகவே ஏறும். இதற்கு மருந்தே வேண்டாம். ஒரு பக்கத்தை முழுதாகக் குடித்து முடித்துத் தானே விட்ட பிறகு அடுத்த பக்கம் மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை ஒரு நாளைக்கு ஆறேழு தடவை கடுகு கடுகாக, மஞ்சளாக, இளக்கமாகப் போவது இயல்பு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது பேதி இல்லை. முதல் பிள்ளைக்கு அது தெரியாமல் பயந்தவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு.

கடைசியாக ஒன்று, அரிது ஆனால் ஆபத்தானது: காலக்டோசீமியா. லாக்டோஸைக் குடல் சரியாகவே வெட்டிவிடும். அதிலிருந்து வருகிற காலக்டோஸைத்தான் உடம்பால் பயன்படுத்த முடியாது. பிறந்த சில நாட்களிலேயே வாந்தி, குறையாத மஞ்சள்காமாலை, சோர்வு, பால் குடிக்காமை என்று தெரிய வரும். கல்லீரல், கண், மூளை எல்லாவற்றையும் பாதிக்கும். தாய்ப்பாலைக் கட்டாயம் நிறுத்தியே ஆக வேண்டிய மிகச் சில நோய்களில் இது ஒன்று. இதை வீட்டில் ஊகிக்க முடியாது. பச்சிளம் குழந்தை சோர்ந்து, மஞ்சளாக இருந்தால் உடனே மருத்துவரிடம் போவது ஒன்றே வழி.

பரிசோதனை

மலத்தைச் சோதித்து அதில் சர்க்கரை இருக்கிறதா, அமிலத்தன்மை கூடியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ‘ரெட்யூசிங் சப்ஸ்டன்ஸ் பாசிட்டிவ்’ என்று தாளில் எழுதி வரும். அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் ஆரோக்கியமான குழந்தையின் மலத்திலும் கொஞ்சம் சர்க்கரையும் அமிலமும் இருப்பது இயல்பு. குழந்தையின் நிலையோடு சேர்த்துப் பார்த்தால்தான் அந்தத் தாளுக்கு அர்த்தம். பெரியவர்களுக்குச் செய்கிற மூச்சுக்காற்றுப் பரிசோதனை கைக்குழந்தைகளுக்குப் பொதுவாகச் செய்வதில்லை.

நடைமுறையில் பெரும்பாலும் நடப்பது எளிய முறை: மருத்துவர் சொல்கிற காலத்துக்கு லாக்டோஸை நிறுத்திப் பார்ப்பது, பிறகு திரும்பக் கொடுத்துப் பார்ப்பது. முதல் பாதியை எல்லாரும் செய்கிறார்கள். இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறார்கள். பேதி தானாகவே நிற்கிற நேரத்தில் பாலை நிறுத்தியிருந்தால், பாலை நிறுத்தியதால்தான் அது நின்றது என்று எப்படித் தெரியும்? திரும்பக் கொடுத்துப் பார்க்காததால் ஒன்றரை வருடம் பால் வாசனையே தெரியாமல் வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

என்ன செய்வது

முதல் கவலை பால் இல்லை, தண்ணீர். பேதியாகிற குழந்தையின் உடம்பிலிருந்து நீரும் உப்பும் போகின்றன; உயிருக்கு ஆபத்து அதில்தான். ஒவ்வொரு தடவை போன பிறகும் ஓ.ஆர்.எஸ். (பாக்கெட்டில் வருகிற உப்புச் சர்க்கரைப் பொடி) கரைசலைச் சிறு கரண்டியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு தடவைக்கும் 50 முதல் 100 மில்லி என்பது பொதுவான கணக்கு. இரண்டு மாதம்கூட ஆகாத குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்டுத்தான். பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவுதான் சேர்க்க வேண்டும். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டைப் பிரித்து ஒரு டம்ளரில் குத்துமதிப்பாக ஒரு ஸ்பூன் போடுவது ஆபத்து, உப்புக் கூடிவிடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். அட்டை டப்பாவில் ஆரஞ்சு ருசியோடு விற்கிற இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். ஆகாது. அவற்றின் மேல் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டது.

துத்தநாகச் சத்து, அதாவது ஜிங்க், குடல் ஆறுவதற்கு உதவும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் குறைந்த வயதில் 10 மில்லிகிராம் என்று மருத்துவர்கள் 14 நாளுக்கு எழுதுவார்கள். பேதி நின்றாலும் 14 நாளையும் முடிக்க வேண்டும். நாங்கள் ஐந்தாம் நாளே நிறுத்தியிருந்தோம் என்பது மருத்துவர் கேட்டபோதுதான் நினைவுக்கு வந்தது.

தாய்ப்பால் தொடர வேண்டும். அதில் லாக்டோஸ் அதிகம்தானே, பிறகு எப்படி என்று தங்கையும் கேட்டாள். குடலை ஆற்றுகிற பொருள்களும், கிருமியை எதிர்க்கிற பொருள்களும் அதே பாலில்தான் வருகின்றன. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதால் சர்க்கரையும் ஒரேயடியாக இறங்குவதில்லை. மலம் கொஞ்சம் இளக்கமாகவே சில நாள் போகும். குழந்தை தெளிவாக இருந்து, எடை ஏறினால் அது பரவாயில்லை. நிறுத்திய தாய்ப்பாலை மறுபடி சுரக்க வைப்பதுதான் பெரும்பாடு.

பவுடர் பால் குடிக்கிற குழந்தைக்கு மருத்துவர் தேவை என்று நினைத்தால் லாக்டோஸ் இல்லாத பவுடரைச் சில வாரங்களுக்கு எழுதுவார். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. நாங்கள் முன்பு மாற்றிய மூன்று டப்பாவும் கம்பெனிதான் வேறு, உள்ளே இருந்தது அதே லாக்டோஸ்! இதில் ஒரு கண்ணி இருக்கிறது: லாக்டோஸ் இல்லாத பவுடர்களில் பல பசும்பாலிலிருந்தே செய்தவை, பால் புரதம் அப்படியே இருக்கும். ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அதைக் கொடுத்தால் ஒவ்வாமை அப்படியே தொடரும். சோயா பவுடரையும் ஆறு மாதத்துக்குள் தானாக ஆரம்பிக்கக் கூடாது. வீட்டில் அரைத்த சோயாப்பால், பாதாம்பால், தேங்காய்ப்பால் எதுவும் கைக்குழந்தையின் பாலுக்கு மாற்று ஆகாது.

ஆட்டுப்பால்? அதிலும் பசும்பாலுக்குக் கிட்டத்தட்ட அதே லாக்டோஸ். ஏ2 பால் என்று விலை கூட்டி விற்பதில் புரதம்தான் கொஞ்சம் வேறு, சர்க்கரை அதேதான். தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து சங்கில் அளந்து விற்கிறார்களே, அந்தக் கழுதைப்பாலில் லாக்டோஸ் பசும்பாலைவிட அதிகம், தாய்ப்பாலுக்குப் பக்கத்தில் வரும். போதாக்குறைக்குக் காய்ச்சாத பால்; பேதியில் நொந்த குடலுக்கு மேலும் கிருமியைக் கொடுப்பதுதான். தொக்கம் எடுக்கிறேன் என்று வயிற்றை உருவிவிடுவதும் வாயில் ஊதுவதும் வேண்டவே வேண்டாம்.

ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு வழி அதிகம். குழைந்த சாதம், பாசிப்பருப்பு, வேகவைத்த கேரட், மசித்த வாழைப்பழம், ஒரு சொட்டு நெய். நெய்யில் லாக்டோஸ் அநேகமாக இல்லை. தயிரில் பாக்டீரியாக்கள் சர்க்கரையில் ஒரு பகுதியை முன்பே தின்றுவிடும். மிச்சத்தை வெட்டவும் உதவும். அதனால் பால் தாங்காத குழந்தைகளில் பலர் தயிர்சாதத்தைத் தாங்கிக்கொள்கிறார்கள். நீடித்த பேதியில் பசும்பாலைக் குறைத்துத் தயிரும் சாதமும் கொடுக்கச் சொல்வது மருத்துவர்களின் வழக்கமான யோசனைதான், பாட்டி வைத்தியம் மட்டும் இல்லை. சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகுக் கூழ் இருக்கிறது. கடையில் வாங்கும் டப்பாக் கஞ்சி மாவில் பெரும்பாலும் பால் பவுடர் கலந்திருக்கும். லேபிளில் ‘மில்க் சாலிட்ஸ்’, ‘வே பவுடர்’ என்று இருந்தால் லாக்டோஸ் இருக்கிறது என்று பொருள். பிஸ்கட்டும் அப்படித்தான்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: பாலைத் தண்ணீராக நீர்க்க வைத்து, அல்லது வெறும் அரிசிக் கஞ்சித் தண்ணீரில் வாரக்கணக்கில் ஓட்டுவது. பேதி குறைந்ததுபோல் தெரியும், குழந்தை கண்முன்னே மெலியும். மெலிந்தால் குடல் தளிர்ப்பதும் தாமதமாகும். வாரம் ஒருமுறை அங்கன்வாடியிலோ சுகாதார நிலையத்திலோ எடை போட்டு அட்டையில் கோடு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டால், மலத்தின் நிறத்தை எண்ணிக் கவலைப்படுவதைவிடப் பயன் அதிகம்.

உச்சிக்குழி உள்ளே அமுங்கியிருந்தால், அழும்போது கண்ணீர் வராவிட்டால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், கண் குழிந்து துவண்டு கிடந்தால், எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுத்தால், மலத்தில் ரத்தம் வந்தால் மேலே சொன்ன எதையும் யோசிக்க வேண்டாம். இரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சலோ பேதியோ இருந்தால் அடையாளங்களுக்காகக் காத்திருக்கவே வேண்டாம்.

திரும்பப் பாலுக்கு

மூன்று வாரம் கழித்து மருத்துவர் பழைய பவுடரைத் திரும்பத் தொடங்கச் சொன்னார். ஒரே நாளில் மாற்றவில்லை. முதல் இரண்டு நாள் ஒரு வேளைப் பாலில் கால் பங்கு பழையது, முக்கால் பங்கு லாக்டோஸ் இல்லாதது, இரண்டையும் தனித்தனியாக அதனதன் அளவில் கரைத்துக் கலந்தது. பேதி இல்லை. அடுத்து பாதிக்குப் பாதி. அன்று சாயங்காலம் ஒரு தடவை இளக்கமாகப் போனது. தங்கை உடனே போனில் அழைத்துவிட்டாள். "ஒரு தடவைதானே, குழந்தை விளையாடுதா?" என்று மருத்துவர் கேட்டார். விளையாடிக்கொண்டுதான் இருந்தது. அதே அளவில் இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டு மேலே போனோம். பத்து நாளில் முழுவதும் பழைய பாலுக்கு வந்துவிட்டது.

ஒருவேளை பேதி நிஜமாகவே திரும்ப வந்திருந்தால், இன்னும் இரண்டு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி முயன்று பார்க்கச் சொல்லியிருப்பார். அப்போதும் முடியாவிட்டால்தான் ஒவ்வாமையோ வேறெதுவுமோ என்று தேடுவார்கள். அந்த அளவுக்குப் போகவில்லை. வாங்கிய மூன்று டப்பாக்களில் இப்போது அம்மா உளுந்து, கடுகு, வெந்தயம் போட்டு வைத்திருக்கிறார்.